மழைக்கு நின்றுபோகும் கடிகாரம்

போன வாரம் கொழும்பிலிருந்து டில்ஹானி கூப்பிட்டாள். நான் வேலை செய்யும் சொப்ட்வெயார் கம்பெனியில்தான் அவளும் இருக்கிறாள். அவள் அங்கே ஒபிஸில்; நான் இங்கே ஓப்பநாயக்கவில், தேயிலைத் தோட்டத்து வீட்டில்.

“அக்கே, எங்க கொம்பியூட்டர்லயும் அந்தக் கடிகாரத்தப் போட்டுட்டாங்க!” சிங்களத்தில் படபடவென்று பொரிந்தாள். “டீ குடிச்சிட்டு வந்தாக்கூட எங்க போனன்னு கேக்குது. நீங்க எப்படி அதக் கழட்டினீங்க?”

“அது பெரிய கதை, போன்ல முடியாது. பத்திரிகையில எழுதுறேன், வாசி” என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது... டில்ஹானிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பரவாயில்லை. உங்களுக்குத் தெரியுமே!

நான் பலாங்கொடை கடைத்தெருவில் பிறந்தவள். கொழும்பில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, போர்டிங் அறையில் காலம் தள்ளியவள். எங்கள் கம்பெனி இங்கிலாந்தில் உள்ள ஓர் உடுப்புக் கடைக்காரருக்கு சொப்ட்வெயார் எழுதிக் கொடுக்கிறது. எந்தக் கிளையில் எத்தனை சட்டை இருக்கிறது, எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் — அதையெல்லாம் கணக்கு வைக்கும் புரோகிராம். அதை எழுதுபவர்களில் நானும் ஒருத்தி.

கல்யாணம் ஆனதும் சிக்கல் தொடங்கியது. கணவர் சிவா தோட்டப் பாடசாலையில் கணக்கு மாஸ்டர். அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைப்பது லேசில்லை. கிடைத்தாலும் போக மனமில்லை, அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க வேறு ஆள் கிடையாது. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும் பெண்டாட்டியாகக் கொஞ்ச நாள் ஓட்டினேன். அவரோடு இருந்த நேரத்தை விட பஸ்ஸில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஒருநாள் என் மெனேஜர் ரொஷானிடம் நேராகவே கேட்டேன். “வீட்டிலிருந்து வேலை செய்யட்டுமா?”

ரொஷான் நல்ல மனிதர். யோசித்தார். மேலிடத்தில் பேசினார். சம்மதம் வந்தது — ஒரு நிபந்தனையோடு. என் லெப்டொப்பில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும். நான் வேலை செய்யும் நேரத்தை அது எண்ணும். இடைக்கிடை என் ஸ்கிரீனைப் படம் பிடித்து இன்டர்நெட் வழியாகக் கொழும்புக்கு அனுப்பும். மாத முடிவில் அந்தக் கணக்குத்தான் ரிப்போர்ட்.

“இவ்வளவுதானே!” என்றேன். எனக்கென்ன பயம்? வேலை செய்யத் தெரியாதவர்களுக்குத்தானே கடிகாரத்தைக் கண்டால் பயம்!

இன்டர்நெட்டுக்கு கம்பியில்லாத போன் ஒன்று வாங்கினோம். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. சிவா கூரைக்கு மேல் ஓர் உயரமான கம்பம் நட்டு, அன்டெனாவைக் கட்டி, டவர் இருக்கும் பக்கமாகத் திருப்பி வைத்தார். தோட்டத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம், “என்னா மாஸ்டர், புது டீவியா?” என்று கேட்டார்கள்.

முதல் நாள் எட்டரை மணிக்கு உட்கார்ந்தேன். ஸ்கிரீன் மூலையில் கடிகாரம் பச்சையாக ஓடியது. ஒபிஸில் ஒரு நாளில் முடிக்கும் வேலையை மதியத்துக்கு முன்னமே முடித்துவிட்டேன். பின்னே? இங்கே பக்கத்து மேசைக் கதை இல்லை, கிரிக்கெட் ஸ்கோர் இல்லை, நாலு பேர் கூடி டீ குடிக்கப் போகிற ஊர்வலம் இல்லை. ஆனால் பாருங்கள்... ஒபிஸில் அதையெல்லாம் செய்தபோது என் நேரத்தை யாரும் கேட்டதே கிடையாது. கதவில் கார்டைக் காட்டி உள்ளே போய், மாலையில் கார்டைக் காட்டி வெளியே வந்தால் போதும். நடுவில் நடந்ததெல்லாம் வேலைதான்!

மத்தியானம் மழை வந்தது.

இரத்தினபுரிப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாததா? மலை மறைந்தது. டவர் மறைந்தது. சிக்னல் போயிற்று. மூலையில் ஓடிய பச்சைக் கடிகாரம் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றது.

நான் நிற்கவில்லை. புரோகிராம் எழுத இன்டர்நெட் தேவையில்லை. மூளையும் பெட்டரியும் இருந்தால் போதும். இருட்டும் வரை எழுதினேன். ஆனால் கடிகாரத்தின் கணக்கில் அன்று மத்தியானம் முதல் நான் ஆளே இல்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கம் என் மாமி.

சிவாவின் அம்மா. நீண்ட காலம் கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வேலையை விட்டிருந்தார். அவருடைய கணக்கில் வேலை என்றால் நிற்பது, நடப்பது, குனிவது, சுமப்பது. உட்கார்ந்திருப்பவர் ஓய்வெடுக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரோ... கேட்கவே வேண்டாம்.

“கலா, சும்மாதான உக்காந்திருக்க, பருப்பு பொங்குதா பாரு.”

“கலா, மழ வருது, சும்மாதான இருக்க, துணிய எடுத்துரு.”

“கலா, நேசம்மா வந்திருக்கா, ஐடென்டிட்டி கார்டுக்கு சிங்களத்தில என்னமோ நிரப்பணுமாம். நீ சும்மாதான...”

நான் எழுந்து போவேன். திரும்பி வந்தால் கடிகாரம் நின்றிருக்கும். மௌஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டாலும் அது நின்றுவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. என் வேலையில் பாதி, யோசிப்பது. புரோகிராமில் ஒரு பிழை இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று மனதுக்குள்ளேயே பின்னோக்கி நடந்து போக வேண்டும். அப்போது கை அசையாது. கண் சுவரில் இருக்கும். அந்த நேரத்தில்தான் கடிகாரமும் நிற்கும், மாமியும் எட்டிப் பார்ப்பார். லண்டன்காரனுக்காகச் செய்த இயந்திரமும் ஓப்பநாயக்க மாமியும் என் விஷயத்தில் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நான் சோம்பேறி!

மாத முடிவில் ரொஷான் கூப்பிட்டார்.

“கலா, வேலையில ஒரு குறையும் இல்ல. குடுத்ததெல்லாம் நேரத்துக்கு முடிச்சிருக்கீங்க. ஆனா ரிப்போர்ட்ல உங்க நேரம் பாதிதான் இருக்கு.”

“மழை, ரொஷான்.”

“மழைக்கு ரிப்போர்ட்ல இடமில்லையே.”

“அப்ப நான் முடிச்ச வேலைக்கு இடமிருக்கா?”

ரொஷான் தயங்கித் தயங்கிச் சொன்னார். மேலிடத்தில் கேள்வி வந்துவிட்டதாம். இப்படியே போனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டை நிறுத்திவிடுவார்களாம். ஒன்றில் கொழும்புக்குத் திரும்ப வேண்டும், அல்லது... அந்த ‘அல்லது’க்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

நான் குரலை உயர்த்திப் பேசினேன். முழுக்கச் சிங்களத்தில்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவருகே மாமி. கையில் பாதி உரித்த தேங்காய்.

“ஒனக்கு அரப்பேரா போட்டுட்டான்?”

திடுக்கிட்டேன். வீட்டில் யாருக்கும் விளங்காது என்று நினைத்துத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன். ஆனால் மாமி யார்? ஓப்பநாயக்கச் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசிக் காய்க்காரரையே களைக்க வைப்பவர். நுவரெலியாப் பக்கத்து மருமகள்கள் வேண்டுமானால் சிங்களத்தில் இரகசியம் பேசலாம். சுற்றிலும் சிங்கள ஊர்களாக இருக்கும் எங்கள் சப்ரகமுவவில் அது நடக்காது.

அரைப்பேர் என்றால் என்னவென்று நகரத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’. பறித்த கொழுந்தின் நிறை போதாவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் கணக்கில் நீங்கள் பாதி ஆள்.

“ஆமா மாமி. அரைப்பேர் மாதிரித்தான்.”

“குடுத்த வேலைய முடிச்சியா, இல்லியா?”

“எல்லாத்தையும் முடிச்சிட்டேன். ஆனா மழை வந்தா சிக்னல் போயிருது. சிக்னல் போனா கடிகாரம் நின்னுரும். அது நின்னா, நான் வேல செய்யலன்னு அர்த்தம்.”

மாமி தேங்காயைக் கீழே வைத்தார்.

“மழையில நாங்க இடுப்பில படங்குச் சாக்க சுத்திக்கிட்டு மலையில நின்னாலும் கொழுந்த நிறுத்து எடுத்துக்கிறாங்க. நீ முடிச்சுக் குடுத்தத எடுத்துக்கிட்டு, வேலைக்கே வரலங்கிறானா? என்னா ஒபிஸ் புள்ள அது?”

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. வேலை போய்விடுமே என்ற கவலையில் அல்ல. ஒரு மாதமாக ‘சும்மா இருக்கிறாய்’ என்று சொன்னவர், முதல் தடவையாக என் பக்கம் நின்று கேட்கிறார்.

“அப்ப நீ இம்புட்டு நாளும் சும்மா உக்காந்திருக்கல?”

“இல்ல மாமி.”

“சொவரப் பாத்துக்கிட்டே இருப்பியே... அது?”

“அதுதான் மாமி பெரிய வேலயே.”

அதை அவர் நம்பவில்லை. முகமே சொன்னது. ஆனால் மறுநாள் காலை நேசம்மா இன்னொரு படிவத்தோடு வந்தபோது, வாசலிலேயே மாமியின் குரல் கேட்டது. “மருமக ட்யூட்டியில இருக்கா. வேல விட்ட பெறகு வா.”

வீட்டுப் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. மழைப் பிரச்சினை?

ஒபிஸ் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். கடிகாரத்தை ஏமாற்றும் குட்டிப் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடுவதாகக் காட்டுமாம். அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்கு எழுதத் தெரியாதா அதை? தெரியும். ஆனால் அதை ஓடவிட்டால், நான் உண்மையாகச் செய்த வேலைக்கும் சேர்த்துக் கள்ளப் பெயர் வந்துவிடும். செய்த வேலைக்கு ஏன் நான் ஒளிய வேண்டும்?

அன்றிரவு சாப்பாட்டின்போது சிவா மெல்லச் சொன்னார், “நான் வேணும்னா மாற்றத்துக்கு எழுதிப் போடவா?”

அவர் தட்டைப் பார்த்தபடிதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளை விட்டு வர அவருக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்காக விடத் தயாராக இருந்தார் என்பதும் தெரிந்தது.

“நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் போய்ப் பேசிட்டு வாறேன்.”

“என்னான்னு பேசுவ?”

“பஸ்ஸில யோசிச்சுக்கிறேன்.”

உண்மையில் பஸ்ஸில்தான் யோசித்தேன். அவிசாவளை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்த பொலிஸ்காரர், எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்டார். அன்று என் நேரத்துக்குக் கணக்குக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பொறுமையாகச் சொன்னேன். ஒபிஸில் பேசுவதற்கு ஒத்திகை போலவும் இருந்தது.

ஒபிஸில் ரொஷானும் எங்கள் டிரெக்டர் மெடமும் இருந்தார்கள். மெடம் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. நானும் அல்ல.

“போன மாதம் நான் முடித்த வேலையில் எதையாவது கஸ்டமர் திருப்பி அனுப்பினாரா?” என்று ரொஷானிடம் கேட்டேன்.

“இல்லை.”

“ஏதாவது பிந்தியதா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நான் என்னத்தைக் குறைத்தேன்?”

மெடம் குறுக்கிட்டார். “உங்கள் திறமை எனக்குத் தெரியும். ஆனால் நான் கஸ்டமருக்கு மணித்தியாலக் கணக்குக் காட்ட வேண்டும். நீங்கள் எங்கோ மலையில் இருக்கிறீர்கள். கடிகாரம் இல்லாமல் நான் எதை நம்பிக் காட்டுவது?”

நியாயமான கேள்வி. அதற்குத்தான் பஸ்ஸில் பதில் தேடி வைத்திருந்தேன்.

“ஒவ்வொரு வேலையும் வந்ததும், தொடங்குவதற்கு முன்னமே, இது இத்தனை மணித்தியால வேலை என்று சொல்கிறேன். கூடுதல் என்று பட்டால் நீங்கள் குறையுங்கள். கஸ்டமரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அதற்குப் பிறகு அதுதான் கணக்கு. சீக்கிரம் முடித்தால் என் கெட்டித்தனம். பிந்தினால் என் நட்டம். நான் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட ரிப்போர்ட்டில் போகாது.”

ரொஷான் என்னைக் கவலையோடு பார்த்தார். “தப்பாகச் சொல்லிவிட்டால்?”

“தப்பாகச் சொன்னவள்தானே சுமக்க வேண்டும்?”

மெடம் பேனையை மூடினார். “ஒரு மாதம் பார்ப்போம். சரிவராவிட்டால் அந்த மூலை மேசைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மழை, வெயில் என்று பேச்சு இருக்கக் கூடாது.”

“சரி மெடம்.”

இங்கிலாந்திலிருந்து கஸ்டமரின் பதில் மறுநாளே வந்தது. சம்மதம். அதோடு ஒரு வரி: “எனக்குத் தெரிய வேண்டியது எல்லாம் வேலை என்றைக்கு முடியும் என்பதுதான்.” அதைப் படித்து ரொஷான் போனிலேயே சிரித்தார்.

முதல் இரண்டு வாரம் ராணி மாதிரி இருந்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னமே முடித்தேன். மழை வந்தால் மழையை ரசித்துக்கொண்டே எழுதினேன். சிக்னல் வரும்போது அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு உடுப்பு மாற்றும்போது, எப்போதாவது ஒரு தடவை, நடுவழியில் ஓர் உருப்படி கணக்கிலிருந்து காணாமல் போகிறது. சின்னப் பிழை என்று நினைத்து இரண்டு நாள் வேலை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் போனது. மூன்றாவது நாளும் போனது. நான் தேடும்போது அந்தப் பிழை வராது, தேடாதபோது வரும். வாரமே முடியப் போகிறது, நான் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்கிறேனே, கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அந்த மூலை மேசை கண்ணுக்குள் வந்து வந்து போனது. சிவா பக்கத்தில் வந்து நிற்பார், எதுவும் கேட்காமல் போய்விடுவார். அவர் கேட்காமல் இருந்ததே பெரிய உதவி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தேன். இரண்டு கிளைகளிலும் இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் மட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதியது அழித்துவிடுகிறது. அவ்வளவுதான்! எழுதித் திருத்தியது பத்து வரிகூட இல்லை. கண்டுபிடிக்கத்தான் அத்தனை நாள்.

“கண்டுபுடிச்சிட்டியா?” — பின்னாலிருந்து மாமி.

“ஆமா மாமி! எப்புடித் தெரியும்?”

“சொவரப் பாத்து சிரிச்சியே.”

சுவரைப் பார்ப்பதும் வேலைதான் என்பதை அன்றைக்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது.

ரொஷானுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். என் கணிப்புப் பிழை, இரண்டு நாளுக்கு மேல் கணக்கில் போட வேண்டாம் என்று. மிச்ச வேலைகளை ஞாயிற்றுக்கிழமையிலும் பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் உட்கார்ந்து முடித்தேன். அவற்றில் சொன்ன தேதி எதுவும் தவறவில்லை.

ரொஷான் கூப்பிட்டார். “கடிகாரக் கணக்கா இருந்திருந்தா அந்த வாரத்தில ரெண்டு நாளுக்கு மேல உங்க கணக்குக்கு வந்திருக்குமே. கவலையா இல்லையா?”

“இருக்கு. ஆனா அடுத்த தடவை சரியாச் சொல்லுவேன்.”

மாதம் முடிந்தது. மூலை மேசைக்கு வேறு யாரையோ உட்கார வைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. என் லெப்டொப்பிலிருந்த கடிகாரத்தைக் கழற்றச் சொல்லி மெடமே எழுதியிருந்தார். கழற்றினேன். ஸ்கிரீன் மூலையில் இவ்வளவு இடம் இருந்ததா என்று பட்டது.

யோசித்துப் பார்த்தால் மெடத்தின் மேலும் எனக்குக் கோபமில்லை, மாமியின் மேலும் இல்லை. வேலையை அளப்பது கஷ்டம். ஆளை அளப்பது லேசு. வந்தாரா, இருந்தாரா, அசைந்தாரா... யாரும் எண்ணிவிடலாம். என்ன செய்தார் என்று பார்க்க, அந்த வேலை என்னவென்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். அதனால்தான் உலகம் முழுக்கக் கடிகாரம் விற்கிறது!

ஆனால் டில்ஹானிக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடிகாரத்தைக் கழற்றினால் சுதந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. கடிகாரத்துக்குக் கீழே வேலை செய்தால், உட்கார்ந்திருந்த நேரத்துக்குப் பதில் சொன்னால் போதும். கடிகாரம் இல்லாவிட்டால், வாயால் சொன்ன சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையும் வந்து எழுப்பும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை.

இப்போது எனக்கு ஒரே ஒரு தொல்லை.

நேற்றுச் சாயங்காலம், வேலை நல்ல சூட்டில் போய்க்கொண்டிருந்தது. மாமி வந்து நின்றார்.

“வேல விட்டாச்சு புள்ள. எந்திரி.”

“இன்னும் அரை மணித்தியாலம் மாமி...”

“அந்த அர மணித்தியாலத்துக்கு ஒபிஸ்ல என்னா குடுப்பான்?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

“அப்ப மூடு.”

லெப்டொப்பை அவரே மூடிவிட்டுப் போய்விட்டார். நான் சேவ்கூடப் பண்ணியிருக்கவில்லை!